கேளிக்கைத் தொழிலுக்கு அரசு தர வேண்டியது என்ன: தண்டனையா, பட்டமா, சேமநிதியா?

இரவு விடுதி, நடன அரங்கு, காபரே, மசாஜ் நிலையம். மலேசியாவின் 2018 சேவை வரி விதிமுறைகளில் இவை எல்லாம் ஒரே பிரிவில் வருகின்றன. 2024 மார்ச் முதல் அந்த வரி 8 விழுக்காடு. கோலாலம்பூரில் கேளிக்கை மையங்களுக்கென்றே 1992இல் ஒரு சட்டம் வந்தது. உரிமம் வாங்குவதும் அதற்குக் கட்டணம் கட்டுவதும் அதன் கீழ்தான். ஆக, இந்தத் தொழிலிலிருந்து அரசாங்கம் ஏற்கெனவே பணம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் பெண்ணுக்கு அதில் என்ன திரும்பி வருகிறது என்று கேட்டால்தான் எல்லாரும் தொண்டையைச் செருமுகிறார்கள்.

வயது வந்தோருக்கான கேளிக்கை என்று நான் சொல்லும் வட்டம் பெரியது. வாடிக்கையாளரோடு உட்கார்ந்து பேசும் ஜி.ஆர்.ஓ. பெண்கள், மேடையில் ஆடுகிறவர்கள், கட்டணம் வாங்கிக்கொண்டு இணையத்தில் காணொளி போடுகிறவர்கள், பாலியல் தொழில் செய்கிறவர்கள், எல்லாரும் அதற்குள் வருகிறார்கள். ஜி.ஆர்.ஓ. என்றாலே உடலை விற்பவள் என்று நம்மவர்கள் முடிவு கட்டிவிடுவது தவறு. பலருக்கு அந்த வேலை மேசையோடு முடிந்துவிடுகிறது. ஆனால் ஊர் வாயும் சோதனைக்கு வரும் வண்டியும் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. அதனால் சேர்த்தே பேசுகிறேன். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இந்த ஒப்பீட்டில் இல்லை. அவர்களைப் பயன்படுத்துகிறவனுக்குச் சிறைதான், அதில் வேறு பேச்சுக்கு இடமே கிடையாது.

இந்தத் தொழிலைச் சமூகமும் அரசும் மதித்துப் பரிசளிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு ஆமாம், இல்லை என்று இரண்டே பதில்கள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உலகத்தில் குறைந்தது ஐந்து வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். அவற்றை ஒப்பிட நான் கையில் எடுப்பது ஒரே ஒரு கேள்வி: நாளைக்கே அவள் "போதும்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தால், அவள் கையில் என்ன மிஞ்சும்?

இன்றைய நிலை

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 372B பிரிவு, பாலியல் தொழிலுக்காக ஆள் அழைப்பதைக் குற்றமாக்குகிறது. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பிறர் அப்படிச் சம்பாதிப்பதில் பிழைப்பவனுக்கு 372A, விடுதி நடத்துகிறவனுக்கு 373. இரண்டிலும் 15 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. ஆபாசப் பொருட்களை விற்பதும் பரப்புவதும் 292இல் வரும். முஸ்லிம்களுக்கு இவற்றோடு ஷரியா சட்டமும் சேர்கிறது.

தாளில் பார்த்தால் தரகனுக்குத்தான் பெரிய தண்டனை. நடைமுறையில், சோதனை நடந்த மறுநாள் நாளிதழில் வரும் படத்தைப் பாருங்கள். பெண்கள் வரிசையாகத் தரையில் குந்தி, தலைமுடியாலும் கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டிருப்பார்கள். முதலாளி படத்தில் இருக்கமாட்டார். பிடிப்பதற்கு எளிதானவர்கள் பிடிபடுகிறார்கள்.

நம் சமூகத்துக்கு இதில் தனியாக ஒரு வலி இருக்கிறது. கலைக்குழு என்றும் மேடை நடனம் என்றும் சொல்லி இந்தியாவிலிருந்து அழைத்து வரப்படும் பெண்கள் சிலர், இங்கே இறங்கியதும் கடப்பிதழைப் பறிகொடுத்து ஓர் அடுக்குமாடி வீட்டில் அடைபடும் செய்தியைத் தமிழ் நாளிதழ்களில் படிக்காதவர்கள் இங்கே குறைவு. பிறர் கடப்பிதழை எடுத்து வைத்துக்கொள்வது 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். 2007இலிருந்து ஆள் கடத்தல் ஒழிப்புச் சட்டமும் இருக்கிறது. ஆனால் காவல் நிலையத்துக்குப் போனால் முதலில் தன் விசாவைத்தான் கேட்பார்கள் என்ற பயம் அந்தப் பெண்ணை வாசல்படி தாண்ட விடாது. அவளை அடைத்து வைத்தவனுக்கு அந்தப் பயமே போதுமான பூட்டு.

தடை இருந்தால்தான் நம் பிள்ளைகள் இதை மற்ற வேலைகளில் ஒன்றாக நினைக்கமாட்டார்கள் என்று சொல்லும் பெற்றோரை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். அந்தக் கவலை உண்மையானது. ஆனால் தடையின் விலையை யார் கட்டுகிறார்கள் என்பதையும் அவர்கள் பார்க்க வேண்டும். ஒரு முறை வழக்குப் பதிவாகிவிட்டால் பிறகு தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ அவளுக்கு வேலை கிடைப்பது கடினம். என் கேள்விக்கு இந்த வழி தரும் பதில்: வெளியே வரும் பெண்ணின் கையில் ஓர் அபராதச் சீட்டு, நாளிதழில் ஒரு படம்.

பதிவேடு போட்டுச் சகித்துக்கொள்வது

சிங்கப்பூரில் கேலாங்கில் நடப்பது இதுதான். சட்டம் ஒரு பக்கம் இருக்க, குறிப்பிட்ட வீடுகளைக் காவல்துறை கண்டும் காணாமல் விடுகிறது. பெண்களுக்குப் பதிவும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. இதை மலேசியாவுக்கும் கொண்டுவரலாம் என்று சொல்கிறவர்களுக்குப் பினாங்கின் பழைய கதை தெரியாது என்று நினைக்கிறேன். நாம் அதை ஒரு முறை செய்து பார்த்தாயிற்று.

1870இல் நீரிணைக் குடியேற்றங்களில் தொற்றுநோய் அவசரச் சட்டம் வந்தது. பினாங்கும் சிங்கப்பூரும் மலாக்காவும் அதற்குள் அடக்கம். விடுதிகளைப் பதிவு செய்தார்கள். பெண்களைக் கட்டாயமாகப் பரிசோதித்தார்கள். நோய் இருந்தால் பிடித்து வைத்தார்கள். வந்து போன ஆண்களை யாரும் பரிசோதிக்கவில்லை. ஜார்ஜ்டவுனின் சிந்த்ரா தெருவில் ஜப்பானிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்களின் விடுதிகள் வரிசையாக இருந்த காலம் அதற்குப் பின்னும் நீடித்தது. அவர்களில் பலர் ஊர் திரும்பவே இல்லை. பினாங்கு ஜப்பானியக் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுடைய கற்கள் இன்றும் இருக்கின்றன. அந்த அவசரச் சட்டம் 1880களின் இறுதியில் போயிற்று. 1930இல் விடுதிகளையே மூடினார்கள். மூடியபோது உள்ளே இருந்த பெண்களுக்கு ஒரு கூலிப் பாக்கிகூடச் சட்டப்படி கேட்கும் உரிமை இல்லை, ஏனென்றால் பதிவேடு நோயைத்தான் கணக்கு வைத்ததே தவிர அவளுடைய உழைப்பை வைக்கவில்லை. இந்த வழியை இதற்கு மேல் பரிசீலிக்க எனக்கு மனம் வரவில்லை.

வாங்குகிறவனைத் தண்டிப்பது

சுவீடன் 1999இல் தொடங்கியது. விற்பவள் குற்றவாளி இல்லை, பணம் கொடுத்து வாங்குகிறவன் குற்றவாளி. நார்வே 2009இலும் பிரான்ஸ் 2016இலும் அதே பாதைக்கு வந்தன. 2025 ஜூலையில் சுவீடன் இதை இணையத்துக்கும் நீட்டியது. நேரலையில் தனக்காக ஒருத்தியைப் பாலியல் செயல் செய்யச் சொல்லிக் காசு கொடுப்பதும் இப்போது அங்கே குற்றம்.

நம் ஊர் மனசுக்கு இது நெருக்கமாகப் படும், தெரியும். பெண்ணின் மீது பழி போடாமலே தொழிலைக் கண்டிக்கும் வழி. பிரான்ஸ் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி வேறு: தொழிலை விட நினைப்பவர்களுக்கு வெளியேறும் திட்டம் ஒன்று உண்டு. வெளிநாட்டுப் பெண்ணாக இருந்தால் குறைந்தது 6 மாதத் தற்காலிக வதிவிட அனுமதியும் சிறு மாத உதவித்தொகையும் கிடைக்கும். குறை என்னவென்றால், விட்டுவிடுகிறேன் என்று முதலிலேயே சொன்னால்தான் கை நீளும். இன்னும் விட முடியாத நிலையில் இருப்பவள், வாடிக்கையாளன் பயந்து ஒதுங்கும் இருட்டு மூலைக்குத் தானும் போக வேண்டியிருக்கிறது என்று அந்த நாடுகளின் தொழிலாளர் அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றன.

மற்ற வேலைகளைப் போல ஒரு வேலை

இந்த வழியில்தான் பார்க்க நிறைய இருக்கிறது, ஏனென்றால் ஒரே பெயரில் மூன்று வேறு வேறு காரியங்கள் நடக்கின்றன.

ஜெர்மனி 2002இல் பாலியல் தொழிலுக்கான ஒப்பந்தத்தைச் செல்லுபடியாக்கியது. சமூகக் காப்பீட்டில் சேரலாம் என்றது. சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. பெயர் வெளியே தெரிவதைப் பெண்கள் விரும்பவில்லை, முதலாளிகளும் ஊழியர் என்று எழுதிக்கொடுக்க விரும்பவில்லை. 2017இல் கட்டாயப் பதிவு வந்தது. 2023 இறுதியில் பதிவில் இருந்தவர்கள் சுமார் 30,600 பேர். வெளியே எத்தனை மடங்கு என்பதுதான் அங்கே ஓயாத வாக்குவாதம். உரிமையை அரசு கொடுத்தாலும், அதை வாங்க அவள் தன் பெயரை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தால் வாங்கமாட்டாள். கோலாலம்பூரில், அதுவும் யார் மகள் என்று மூன்று கேள்வியில் கண்டுபிடித்துவிடும் நம் சமூகத்தில், இது இன்னும் கடுமையாக இருக்கும்.

நியூசிலாந்து 2003இல் குற்றப் பிரிவுகளையே நீக்கியது. நாடாளுமன்றத்தில் 60க்கு 59 என்ற கணக்கில், ஒரே வாக்கில் நிறைவேறியது. 2014இல் ஒரு விடுதி உரிமையாளர் தன்னிடம் வேலை செய்த பெண்ணைப் பாலியல் தொல்லை செய்ததற்காக, அவளுக்கு 25,000 டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று அங்குள்ள மனித உரிமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. இந்தத் தொழிலில் இருப்பவளுக்கும் தொல்லை என்று ஒன்று உண்டு, அவளும் வழக்குப் போட்டு வெல்லலாம் என்பதை நம் ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் அந்தச் சட்டத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது 18ஆம் பிரிவு. பாலியல் தொழில் செய்ய மறுத்தாலும், செய்துகொண்டிருந்ததை விட்டாலும், அதைக் காரணம் காட்டி ஒருவருடைய சமூக உதவித்தொகையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது என்கிறது அது. வேலையை அனுமதித்த அதே சட்டம், விட்டுப் போகிறவளின் சோற்றுக்கும் காவல் நிற்கிறது.

பெல்ஜியம் 2022இல் குற்ற நீக்கம் செய்து, 2024 டிசம்பர் முதல் தொழிலாளர் சட்டத்தையும் கொண்டுவந்தது. ஒப்பந்தத்தில் வேலை செய்பவளுக்கு மகப்பேறு விடுப்பு, நோய்க்கால ஊதியம், ஓய்வூதியம் எல்லாம் உண்டு. வாடிக்கையாளரை மறுக்கலாம், நடுவில் நிறுத்தலாம், அதற்காக வேலையை விட்டுத் தூக்கக்கூடாது. அறையில் அவசர அழைப்புப் பொத்தான் கட்டாயம். முன்னறிவிப்பு இல்லாமல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளவும் அவளால் முடியும். ஆடை களையும் நடனமும் ஆபாசப் படமும் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை என்பது ஒரு குறை.

படப்பிடிப்பு என்று வரும்போது ஜப்பான் 2022இல் செய்தது பெரிய காரியம். ஒப்பந்தத்துக்கும் படப்பிடிப்புக்கும் நடுவே ஒரு மாதம், படப்பிடிப்புக்கும் வெளியீட்டுக்கும் நடுவே நான்கு மாதம் இருக்க வேண்டும். வெளியான பிறகும் ஓராண்டு வரை காரணமே சொல்லாமல் நடித்தவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். படத்தை எடுத்துவிட வேண்டும். விடுதியை விட்டு நடந்து வெளியே வரலாம், ஆனால் காணொளி ஆளை விட்டு வராது. இணையத்தில் இறங்கும் நம் பிள்ளைகளுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

பட்டமும் பரிசும்

சரி, அரசே மேடை போட்டுப் பரிசு கொடுத்தால்? தமிழர்களுக்கு இது புதிதே இல்லை. சிலப்பதிகாரத்தில் சோழ மன்னன் முன் ஆடிய மாதவிக்கு, சிறந்த ஆடல் மகளிருக்கு அரசன் கொடுக்கும் தலைக்கோல் பட்டம் கிடைக்கிறது, 1008 கழஞ்சுப் பொன் மதிப்புள்ள மாலையும் கிடைக்கிறது. அடுத்து என்ன நடக்கிறது? அந்த மாலையை ஒரு கூனி கையில் கொடுத்து, நகரத்துச் செல்வர்கள் திரியும் தெருவில் நிறுத்துகிறார்கள். மாலையை வாங்குகிறவனுக்கு மாதவி. கோவலன் வாங்குகிறான். அரசன் கொடுத்த பரிசு அவளுடைய விலையாக மாறிவிட்டது. பன்னிரண்டு வயதுப் பெண் அவள். பரிசு என்ற எண்ணத்தின் மேல் எனக்கு இருக்கும் சந்தேகம் முழுக்க இந்த இடத்திலிருந்து வருகிறது.

ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்ததைக் கல்வெட்டு பெயர் பெயராகச் சொல்கிறது. அவர்கள் கோயில் பணிப்பெண்கள்; பிற்காலத்துத் தேவதாசி முறையோடு அப்படியே ஒன்றாகப் போட்டுப் பேசுவது நியாயமாகாது. நான் பார்ப்பது கொடுத்த முறையை. ஒருத்தி இறந்தாலோ வேறு நாடு போனாலோ அந்தப் பங்கு அவளுடைய நெருங்கிய உறவினருக்கு, அந்த வேலையைச் செய்யும் கடமையோடு போகும். நெல் வேலைக்குச் சொந்தம். போனால் நெல்லும் போயிற்று.

மலேசியாவில் ரோஸ் சானை நினைக்காமல் இதைப் பேச முடியாது. 1925இல் சீனாவில் பிறந்து கோலாலம்பூரில் வளர்ந்தவர். போருக்குப் பிந்தைய மலாயாவில் ஆடை களையும் நடனத்தின் ராணி என்று பேர் வாங்கினார். மலைப்பாம்போடு ஆடியதை இன்னும் பெரியவர்கள் சொல்வார்கள். அநாதை இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் வாரிக் கொடுத்தார். 1987இல் பட்டர்வொர்த்தில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். கூட்டம் தந்த கைதட்டலுக்குக் குறைவில்லை. ஆனால் அவரைப் போல காபரேக்களில் ஆடிய, பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான பெண்களுக்கு உடம்பு முடியாமல் போனால் அவர்கள் பெயரில் ஒரு சேமநிதிக் கணக்கு கிடையாது. ஒருவருக்குப் பட்டம் கொடுப்பதால் மற்றவர்களுக்கு மருந்து வாங்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலைக்குப் பரிசு என்றால், அந்த வேலையில் அதிகம் இருப்பவளுக்கு அதிகம் என்றாகிவிடும். முதலாளி அதைக் காட்டியே ஆள் சேர்ப்பான். அதனால் அரசு விருது, ஊக்கத்தொகை போன்ற யோசனைகளை நான் ஏற்கவில்லை.

முத்துலட்சுமி ரெட்டி கொண்டுவந்த ஒரு திருத்தம்

அவர் தேவதாசி முறையை எதிர்த்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த முறையை ஒழித்த 1947 சட்டமும் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன் சென்னை மாகாணத்தில் 1929இல் வந்த இந்து அறநிலையச் சட்டத் திருத்தத்தைத்தான் நாம் அதிகம் பேச வேண்டும். கோயிலில் பணி செய்யும் வரைதான் மானிய நிலம் என்றிருந்ததை அது மாற்றியது. பணியை விட்டாலும் நிலம் அவளுக்கே. தொழிலுக்குக் கொடுத்ததை எடுத்துப் பெண்ணின் பெயருக்கு மாற்றியது அந்தத் திருத்தம். தொழிலை முற்றாக வெறுத்த ஒருவர், அதில் இருந்த பெண்ணை வெறுங்கையோடு தெருவில் விடக்கூடாது என்று தெளிவாக இருந்திருக்கிறார். நியூசிலாந்தின் 18ஆம் பிரிவுக்கு 74 ஆண்டு முன்பு.

கொல்கத்தாவின் சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களே 1995இல் உஷா என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, கந்துவட்டிக்காரனிடமிருந்து தங்கள் சேமிப்பைக் காப்பாற்றிக்கொண்டதையும் இதோடு சேர்க்கிறேன். தொழிலை விட்டாலும் அந்தப் பாஸ்புத்தகம் அவளுடையது.

இங்கே என்ன கேட்கலாம்

என் தெரிவு நியூசிலாந்துக்கும் 1929க்கும் நடுவே நிற்கிறது: பெண் செய்யும் செயலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுப்பது, அவளை வைத்துப் பிழைப்பவன் மீதான 372A, 373ஐ அப்படியே வைப்பது, சலுகை எதுவாக இருந்தாலும் அவள் பெயரோடு ஒட்டி வைப்பது. முதல் பகுதி மலேசியாவில் சீக்கிரம் நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஷரியா நீதிமன்றங்களும் மாநில அதிகாரமும் தேர்தல் அரசியலும் அதில் பின்னிக்கிடக்கின்றன.

ஆனால் தண்டனைச் சட்டத்தைத் தொடாமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. ஊழியர் சேமநிதியின் இ-சாரான் திட்டத்தில் நிலையான முதலாளி இல்லாதவர்கள் தாங்களே பணம் போடலாம்; அரசு ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை ஊக்கத்தொகை சேர்க்கிறது. 2017 சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் கலைத்துறையினரும் வருகிறார்கள். உரிமம் பெற்ற கேளிக்கை மையத்தில் ஆடும் உள்ளூர்ப் பெண்ணை "கலைஞர்" என்ற பிரிவில் எந்தக் கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொள்ளலாம். பணம் கட்டும் பொறுப்பை உரிம நிபந்தனையாகவே உரிமையாளர் தலையில் வைக்கலாம். 8 விழுக்காடு வசூலிக்கத் தெரிந்த அரசுக்கு இது முடியாத காரியமில்லை. சௌகிட்டில் பாலியல் தொழிலாளர்களுக்கு உதவும் பிடி அறக்கட்டளையும், புலம்பெயர்ந்த பெண்களுக்காக 1991இலிருந்து தெனகனித்தா என்ற தொண்டு அமைப்பும் செய்து வரும் வேலைக்கு, நம் கோயில்களும் சங்கங்களும் ஒரு ரிங்கிட்டாவது வெளிப்படையாகக் கொடுக்கலாம். சோதனைப் படங்களைப் போடுவதைத் தமிழ் நாளிதழ்கள் நாளைக்கே நிறுத்தலாம், அதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம்.

இவை எல்லாம் நீல அடையாள அட்டை உள்ள, அதாவது மலேசியக் குடிமகளாக இருப்பவளுக்கு. நியூசிலாந்துச் சட்டமே தற்காலிக விசாவில் இருப்பவளை வெளியே நிறுத்தியிருக்கிறது, அங்கே இன்றும் அது தீராத குறை. கடப்பிதழ் இல்லாமல் அடுக்குமாடியில் இருக்கும் அந்தப் பெண்ணுக்குச் சேமநிதியால் பயனில்லை. அவள் புகார் கொடுத்தால் வழக்கு முடியும் வரை நாடு கடத்தப்படமாட்டாள், அதுவரை வேறு வேலை பார்க்கலாம் என்ற எழுத்துபூர்வமான உறுதி அவளுக்கு வேண்டும், அதுவும் தமிழில் வேண்டும். குடிநுழைவுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு உள்துறை அமைச்சருக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஏற்கெனவே தந்திருக்கிறது. நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது அந்த ஓர் உத்தரவைத்தான்.